ராமனுக்கு ‘ன்’ போல, யானிஸுக்கு ‘ஸ்’

கேள்வி: என் மகன் லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் மருத்துவம் படிக்கிறான். வீட்டுக்காரர் பெயர் யானிஸ். ஆனால் அவர் மனைவி அவரை ‘யானி’ என்றுதான் கூப்பிடுகிறாராம். தபால் பெட்டியில் ‘யாஞ’ என்று ஏதோ எழுதி ஒட்டியிருக்கிறதாம். இதில் எது உண்மையான பெயர்? அவர் என் மகன் பெயரோடும் ஒரு ‘ஸ்’ சேர்த்துச் சொல்கிறாராம். பிள்ளையைக் கேலி செய்கிறாரோ என்று எனக்கு மனசு சங்கடமாக இருக்கிறது. (திருச்சியிலிருந்து ஒரு தாய்)

பதில்: சங்கடமே வேண்டாம் அம்மா. அவர் உங்கள் மகனை வீட்டுப் பிள்ளையாக எண்ணித்தான் அந்த ‘ஸ்’ஸைச் சேர்க்கிறார். லாட்விய மொழியில் ஆண்பால் பெயர் எழுவாயாக வரும்போது பெரும்பாலும் ‘ஸ்’, ‘இஸ்’, ‘உஸ்’ என்று ஏதாவது ஒன்றில் முடியும். வெளிநாட்டுக்காரர் பெயருக்கும் அதே சட்டம்தான். அந்த ஊர்ச் செய்தித்தாளில் நம் காந்தியே ‘காந்தியிஸ்’ என்றுதான் வருவார்.

நாமும் இதைத்தானே செய்கிறோம்? வடமொழியில் ‘ராம’ என்று இருந்த பெயருக்கு ‘ன்’ சேர்த்து ராமன் ஆக்கினோம். கிருஷ்ணன், சிவன், கணேசன் எல்லாம் அப்படி வந்தவைதான். அந்த ‘ன்’ நம் மொழி போட்ட முத்திரை. யானிஸின் கடைசி ‘ஸ்’ லாட்வியர் போட்ட முத்திரை.

இப்போது ‘யானி’க்கு வருவோம். ராமனை நேரில் கூப்பிடும்போது ‘ராமன், இங்கே வா’ என்றா சொல்கிறோம்? ‘ராமா’ என்கிறோம். இறுதி ‘ன்’ கெட்டு ‘ஆ’ வருகிறது. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இதற்காக இருக்கிறது. லாட்விய மொழியிலும் விளி வேற்றுமை இன்றைக்கும் உயிரோடு புழங்குகிறது. யானிஸைக் கூப்பிட்டால் ‘ஸ்’ உதிர்ந்து ‘யானி’ ஆகிவிடும். ‘யானிஸின்’ என்று உடைமைப் பொருளில் சொல்ல ‘யாஞ’. ‘யானிஸுக்கு’ என்றால் ‘யானிம்’. ஆகவே தபால் பெட்டியில் இருப்பது ‘யானிஸுடையது’ என்ற பொருளில் ஒட்டிய சீட்டாக இருக்கும். பழைய ரீகாவில் ‘யாஞ இயெலா’ என்று ஒரு தெருவே இருக்கிறது. ‘யானிஸ் தெரு’ என்று பொருள்.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: அவரைப் பற்றி மற்றவரிடம் பேசும்போது யானிஸ், நேரில் கூப்பிடும்போது யானி. முதல் எழுத்தை நன்றாக நீட்டிச் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஜானிஸ்’ என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். இந்த ஒரு சின்னக் கவனம் அங்கே எவ்வளவு மரியாதையைத் தேடித் தரும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: இரண்டு முகம் கொண்ட ரோமானியக் கடவுள் ஜானஸின் பெயர்தான் லாட்வியாவில் யானிஸ் ஆனது என்று ஓரிடத்தில் படித்தேன். சரியா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: ஒலி ஒத்துப்போவதால் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யானிஸ் வந்த வழி நன்றாகவே தெரிகிறது. எபிரேய மொழியில் ‘யோகனான்’, அதாவது ‘கடவுள் அருள் காட்டினார்’. கிரேக்கத்தில் அது யோவான்னேஸ், லத்தீனில் யோஹன்னெஸ். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியப் பாதிரியார்களும் வணிகர்களும் சிலுவைப்போர் வீரர்களும் தௌகவா ஆற்று முகத்துக்கு வந்தார்கள். 1201-இல் ஆல்பெர்ட் என்ற ஆயர் ரீகா நகரை நிறுவினார். அவர்களோடு யோஹன், யான், ஹன்ஸ் என்று ஒரே பெயரின் பல வடிவங்களும் கரையிறங்கின. அவற்றில் ‘யான்’ என்பதோடு லாட்விய விகுதி சேர்ந்து யானிஸ் ஆயிற்று.

இந்தப் பெயர் தமிழுக்கு வந்த விதத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லாட்வியர்கள் ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள். நம் பழைய கத்தோலிக்கர்கள் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். ‘கடவுளின் அருள்’ என்பதை வைத்து அருளப்பர் என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். பவுல் என்ற பெயருக்கு லத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள். அவர் சின்னப்பர் ஆனார். ஜான் டி பிரிட்டோ அடிகள் இங்கே அருளானந்தர் என்று பெயர் பூண்டு, 1693-இல் ஓரியூரில் உயிர் துறந்தார். சீர்திருத்தச் சபையினர் மட்டும் யோவான் என்று ஒலி வழியில் போனார்கள்.

எனக்கு இது சொந்த விஷயமும்கூட. தூத்துக்குடியில் என் ஞானஸ்நானப் பதிவேட்டில் அருளப்பன் என்று இருக்கிறது. பள்ளியிலும் பிறகு கப்பலிலும் ஜான். என் பாட்டி கடைசிவரை ‘அருளு’ என்றுதான் கூப்பிட்டார்.

கேள்வி: கிரேக்கத்தின் முன்னாள் நிதியமைச்சர் யானிஸ் வரூஃபாகிஸ், அமெரிக்கப் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். இவர்களும் லாட்வியப் பெயரா? (கோவை கல்லூரி மாணவர்)

பதில்: இல்லை. ஆனால் மூவரும் ஒரே வேரில் வந்தவர்கள். பாடகியின் பெயர் ஜேன் என்ற பெண்பால் வடிவத்திலிருந்து வந்தது.

கிரேக்க யானிஸ்தான் ருசிகரமானவர். யோவான்னேஸ் பேச்சுவழக்கில் தேய்ந்து யானிஸ் ஆனது. லாட்விய யானிஸ் வட ஜெர்மனி வழியாகச் சுற்றிவந்தது. இரண்டும் தனித்தனியே நடந்து, கிட்டத்தட்ட ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. கிரேக்கரும் நேரில் கூப்பிடும்போது ‘ஸ்’ஸை விட்டுவிட்டு ‘யானி’ என்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: யானிஸுக்கு வேறு வடிவங்கள் உண்டா? செல்லப் பெயர்கள்? (மதுரை ஆசிரியை)

பதில்: நிறைய. வீட்டில் குழந்தையை யானீட்டிஸ் என்பார்கள், நண்பர்கள் யன்ட்ஸிஸ் என்பார்கள். கிழக்கே லட்காலே வட்டாரப் பேச்சில் யுவோன்ஸ். பக்கத்து லித்துவேனியாவில் யோனஸ், எஸ்தோனியாவில் யான். பெண்களுக்கு யானா, யோஹன்னா. தகப்பன் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர் யன்சொன்ஸ். உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் மாரிஸ் யன்சொன்ஸ் அந்தப் பெயர்க்காரர்தான்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அன்ஸிஸ். இது ஹன்ஸ் என்பதன் லாட்விய வடிவம். பழைய லாட்விய மொழியில் ‘ஹ’ ஒலி கிடையாது. நம் ஊரில் பழைய ஆட்கள் ‘ஹனுமான்’ என்பதை ‘அனுமான்’ ஆக்கவில்லையா, அதேபோல ‘ஹ’வை உதிர்த்துவிட்டார்கள். ஹன்ஸ் அன்ஸிஸ் ஆனார், ஹெர்மன் ஏர்மனிஸ் ஆனார். யானிஸும் அன்ஸிஸும் ஒரே பெயர் என்பது இன்று அந்தப் பெயர்களை வைத்திருப்பவர்களுக்கே சட்டென்று தோன்றாது.

க்ரிஷ்யானிஸ் என்றும் ஒரு பெயர் உண்டு. அதற்குள் யானிஸ் இருப்பதுபோலத் தெரிந்தாலும் அது கிறிஸ்டியன் என்பதன் வடிவம். நாட்டுப்பாடல்களை வாழ்நாள் முழுக்கத் தொகுத்த க்ரிஷ்யானிஸ் பரொன்ஸ் பெயர் அதுதான். 1894 முதல் 1915 வரை வெளிவந்த அவருடைய தொகுப்பில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. பாடல்களைச் சின்னச் சின்னத் தாள்களில் எழுதி அவர் அடுக்கிவைத்த அலமாரியை, 2001-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

பிரெஞ்சுக்காரர்களின் ழான் வழியாக வந்த இன்னொரு வடிவம் ழனிஸ். இந்தப் பெயரைச் சொன்னால் ழனிஸ் லிப்கேயைச் சொல்லாமல் விட முடியாது. பிறப்பில் வைத்த பெயர் யானிஸ், எல்லோரும் அழைத்தது ழனிஸ். ரீகா துறைமுகத் தொழிலாளி. 1941-இல் நாஜிகள் ரீகாவைப் பிடித்து, அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில் ரும்புலா காட்டில் சுமார் 25,000 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். லிப்கே அப்போது ஜெர்மன் விமானப்படைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். கிடங்கு வேலைக்கு என்று சொல்லி யூதர்களை வெளியே கூட்டிவந்து, திரும்ப அனுப்பாமல் ஒளித்துவைத்தார். ஆற்றின் நடுவே கீப்ஸலா தீவில் இருந்த தன் வீட்டு விறகுக் கொட்டகைக்கு அடியில் பதுங்குகுழி தோண்டினார். 40-க்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பின. அவரோடு அத்தனை ஆபத்தையும் தாங்கிய மனைவியின் பெயர் யோஹன்னா. ஒரே பெயர்தான், கணவனுக்கு ஒரு வடிவத்தில், மனைவிக்கு இன்னொரு வடிவத்தில். ‘கடவுள் அருள் காட்டினார்’ என்ற பொருளை இவர்கள் இருவரையும் நினைக்காமல் என்னால் இப்போது சொல்ல முடிவதில்லை.

கேள்வி: லாட்வியாவில் ஜூன் 24 யானிஸ்களின் நாள் என்கிறார்களே, அது என்ன? (திருச்சித் தாயின் கடிதத்திலேயே இருந்த இரண்டாவது கேள்வி)

பதில்: ஜூன் 24 திருமுழுக்கு யோவானின் பிறந்த நாள் என்று திருச்சபை வைத்தது. வடக்கே கோடைப் பகல் மிக நீண்டிருக்கும் நாட்களும் அவைதான். அந்தப் பழைய கோடைத் திருவிழாவும் இந்தப் பெயரும் ஒன்றாகக் கலந்து ‘யாஞி’ என்ற பெருவிழா ஆனது. 23-ஆம் தேதி மாலையே தொடங்கிவிடும். ஆண்கள் தலையில் ஓக் இலை வளையம், பெண்கள் தலையில் பூ வளையம். சீரகம் போன்ற கேரவே விதை போட்ட பாலாடைக்கட்டி, பியர், நெருப்பு மூட்டி விடிய விடியப் பாட்டு. ஒவ்வொரு அடிக்கும் ‘லீகோ, லீகோ’ என்று முடிப்பார்கள். விழா நடத்தும் வீட்டுக்காரர் ‘யாஞி அப்பா’, வீட்டம்மா ‘யாஞி அம்மா’, வந்தவர்கள் எல்லோரும் ‘யாஞி பிள்ளைகள்’. மொழிக்குள்ளும் இந்தப் பெயர் புகுந்திருக்கிறது. ரெட் கரண்ட் என்ற சின்னச் சிவப்புப் பழத்துக்கு ‘யானிஸ் பழம்’, மின்மினிக்கு ‘யானிஸின் குட்டிப் புழு’ என்றுதான் பெயர்.

நான் அதைப் பார்த்தது 1986-இல். சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தேன். சணல் மூட்டைகளும் தேயிலைப் பெட்டிகளும் இறக்க ரீகாவில் நின்றோம். சோவியத் ஆட்சிக்காலம். 1960-களின் தொடக்கத்தில் இந்த விழாவை விடுமுறைப் பட்டியலிலிருந்தே எடுத்திருந்தார்கள். மக்கள் விடவில்லை. அன்றும் வேலை நாள்தான். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. கிரேன் ஓட்டியவர் தொப்பிக்கு மேல் ஓக் இலை வளையம் வைத்திருந்தார். கீழேயிருந்து ஒருவர் ‘யானி!’ என்று கத்தினார். கிரேனிலிருந்து ஒருவர், மூட்டை அருகே இருவர், லாரிக்குள்ளிருந்து ஒருவர் என்று நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலை முடிந்து இறங்கியவர் என் பெயரைக் கேட்டார். ஜான் என்றேன். தன் நெஞ்சைத் தொட்டு ‘யானிஸ்’ என்றார், என் நெஞ்சைத் தொட்டு மறுபடியும் ‘யானிஸ்’ என்றார். பிறகு தன் வளையத்தைக் கழற்றி என் தலையில் வைத்தார். நான் பதிலுக்கு, காதில் விழுந்தபடியே, ‘யானி’ என்று கூப்பிட்டேன். அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. நாங்கள் இருவரும் வேறு ஒரு சொல்கூடப் பொதுவாகப் பேசத் தெரியாதவர்கள். ஓக் இலை இரண்டு துறைமுகம் தாண்டும்வரை என் கேபினில் இருந்தது.

கேள்வி: வீட்டுக்காரர் தன் பெயர் நாளுக்கு என் மகனை வரச் சொல்லியிருக்கிறார். என்ன கொண்டுபோக வேண்டும்? (அதே தாய்)

பதில்: பூங்கொத்து போதும். ஆனால் பூக்களை எண்ணி வாங்கச் சொல்லுங்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். இரட்டைப்படை அங்கே துக்க வீட்டுக்கு. கதவைத் திறந்ததும் ‘யானி’ என்று கூப்பிட்டுவிட்டு வாழ்த்தட்டும்.

அப்புறம் இன்னொன்று. லாட்விய நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் சில பெயர்கள் அச்சிட்டிருக்கும். அந்தப் பெயர்க்காரர்களுக்கு அதுதான் பெயர் நாள். உங்கள் மகன் பெயர் அதில் இருக்காது. அப்படி நாட்காட்டியில் இடம்பெறாத பெயர்க்காரர்கள் எல்லோருக்கும் மே 22-ஐ ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பெயர் நாளுக்கு அங்கே அழைப்பு அனுப்பும் வழக்கம் பெரிதாக இல்லை, நண்பர்கள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். அதனால் மே 22 அன்று யானிஸும் அவர் மனைவியும் பூவோடு கதவைத் தட்டக்கூடும். ஒரு கேக்கும் கொஞ்சம் தேநீரும் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பும் முறுக்கும் இருக்கட்டும்.