எதிரிகள் விடுதலை ஆன பிறகு நஷ்டஈடு கேட்டால், அரசு வழக்கறிஞர் எங்களுக்காக நிற்பாரா?

தொண்டிப் பக்கம் கடற்கரைத் தகராறில் அடிபட்டு அப்பா இறந்து ஒன்றரை வருடம், பார்த்தவர்கள் பிறழ் சாட்சி ஆனதால் (முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னதால்) எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், விடுதலை, இனி பி.பி.யே (அரசு வழக்கறிஞரே) நஷ்டஈடு வாங்கித் தருவாரா என்று கேட்கிறீர்கள். மாட்டார், தம்பி. அவர் அரசுக்காக ஆஜராகிறவர். நஷ்டஈட்டு வழக்கில் வாதி உங்கள் குடும்பம்தான். வக்கீலும் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

ராமநாதபுரம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். இங்கே என் மனதை அறுப்பது, மேல்முறையீடு முடியட்டும் என்று காத்திருந்தே காலக்கெடுவைத் தொலைக்கும் குடும்பங்கள். 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டம் பெயரில்தான் விபத்து. குற்றச் செயலால் நேர்ந்த சாவுக்கும் அது பொருந்தும். மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளுக்காக வழக்குப் போடலாம். ஆனால் இறந்த நாளிலிருந்து 2 வருடம்தான் கெடு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனு இதற்குச் செல்லாது. உங்களுக்கு ஆறு மாதம் இருக்கிறது. இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.

விடுதலைத் தீர்ப்பைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கிரிமினலில் சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. சிவிலில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே கணக்கு. நம் மாநிலத்துப் பேருந்து வழக்கு ஒன்றில், மின்கம்பியில் உரசி எட்டுப் பேர் இறந்தார்கள். ஓட்டுநர் விடுதலையாகியும் இழப்பீடு உண்டு என்று 1980-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

அரசுத் தரப்பு சேர்த்த காகிதங்கள் உங்களுக்கு உதவும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய குறிப்பு), சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாவற்றுக்கும் நகல் மனு போடுங்கள். டாக்டரையும் விசாரணை அதிகாரியையும் சம்மன் அனுப்பி சிவில் கோர்ட்டுக்கு வரவழைக்கலாம். அம்மா நேரில் பார்த்திருந்தால் அவரே முதல் சாட்சி.

வருமானத்தை நிரூபிப்பதில்தான் நம் கடற்கரைக் குடும்பங்கள் இடறுகின்றன. டீசல், ஐஸ் செலவு போகப் பங்கு வாங்கியவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? சம்மாட்டியின் (படகு முதலாளியின்) கணக்கு நோட்டு, மீன் வியாபாரி எழுதிய துண்டுச் சீட்டு, சங்கப் புத்தகம், மீனவர் நலவாரிய அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். அப்பா விசைப்படகில் போனவர் என்றால் 61 நாள் தடைக்காலத்தைச் சொல்லி எதிர்த்தரப்பு தொகையைக் குறைக்கப் பார்க்கும். அந்த நாட்களில் வலை பின்னியோ வேறு வேலைக்குப் போயோ சம்பாதித்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

பி.பி.யிடம் கேட்க வேண்டியதும் உண்டு. விடுதலையில் முடிந்த வழக்கிலும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும்படி விசாரணை நீதிமன்றம் பரிந்துரைக்கலாம்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 357ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 396. தீர்ப்பில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அரசு மேல்முறையீடு செய்யாவிட்டாலும் நீங்களே செய்யலாம். அதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்று 2018-ல் தீர்ப்பு வந்துவிட்டது.

கோர்ட் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் வறியவர் மனு போடலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அம்மா பெயரில் விண்ணப்பியுங்கள். பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கேட்க அவருக்கு உரிமை உண்டு.