சவ்வை விட்டு வெளியே வராத புரதங்கள்

கேள்வி: இன்சுலினைப் பாக்டீரியாவில் தயாரிக்க முடிகிறது. மருந்து ஆய்வுக்கு வேண்டிய மனித செல்சவ்வு ஏற்பிகளை (செல்லுக்கு வெளியிலிருந்து வரும் செய்தியைப் பெற்று உள்ளே கடத்தும் புரதங்களை) மட்டும் அவ்வாறு தயாரிப்பது ஏன் கடினமாக உள்ளது?

பதில்: இன்சுலின் நீரில் கரையும் சிறிய புரதம். ஏற்பிகளோ கொழுப்பாலான சவ்வுக்குள் புதைந்திருப்பவை. அவற்றுள், இன்றைய மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இலக்காக விளங்கும் ஜி-புரத இணைப்பு ஏற்பிகள் அச்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கின்றன. இத்தகைய ஏற்பிகள் நிலைத்திருக்க உதவும் கொலஸ்டிரால் ஈ.கோலை பாக்டீரியாவின் சவ்வில் இல்லை. மனித செல்லைப் போலப் புரதத்தின்மீது சர்க்கரைச் சங்கிலிகளை இணைக்கவும் அதனால் இயலாது. ஆகவே பெரும்பாலும் பாகுலோவைரஸ் என்ற பூச்சி வைரஸ் தொற்றிய பூச்சி செல்களிலோ மனித செல்களிலோ இவற்றை உற்பத்தி செய்கிறார்கள்.

உண்மையான சோதனை அதன் பின்னரே தொடங்குகிறது. ஏற்பியைச் சவ்விலிருந்து பிரிக்க டிடர்ஜென்ட் வேண்டும். ஆனால் அது கடுமையாக இருந்தால் சவ்வோடு ஏற்பியின் வடிவமும் குலைந்துவிடும். எனவே டோடெசில் மால்டோசைடு என்ற மென்மையான டிடர்ஜென்ட்டில் கரைத்து, மரபணு வழியே முன்பே பொருத்திய ஹிஸ்டிடின் அமினோ அமில வாலை நிக்கல் ஏற்றிய பிசினில் பற்றவைத்து, பிற புரதங்களைக் கழுவி நீக்கிய பிறகு, மூலக்கூற்றின் அளவைக் கொண்டு மீண்டும் ஒருமுறை பிரிக்கிறார்கள். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒற்றைப் பட்டை தெரிந்தாலே போதும் என நிறைவடைவது தவறு என்றே நான் கருதுகிறேன்; தூய்மையாக இருந்தும் மருந்தைப் பற்றாத ஏற்பியால் ஆய்வுக்குப் பயனில்லை.

அமெரிக்க விஞ்ஞானி பிரையன் கோபில்கா பல்லாண்டுகள் இதே தடையோடு போராடினார். அவர் ஆராய்ந்த மனித பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியின் படிக அமைப்பு (படிகமாக்கிக் கண்டறிந்த முப்பரிமாண வடிவம்) 2007-இல்தான் வெளியாயிற்று. ஏற்பி ஆய்வுக்காக அவரும் ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் 2012-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.