மரத்துக்குள் இருக்கும் மாவு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஜவ்வரிசி பற்றிக் கேட்ட வாசகருக்குப் பதில் எழுதும்போது, "ஆதியில் சேகோ என்பது ஒரு பனைவகை மரத்தின் அடிமரத்திலிருந்து எடுத்த மாவு" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் முக்கா ஊர்ப் பக்கத்துச் சேகோ ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில்தான் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி போயிற்று. எனக்குப் பிடித்த விஷயம். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு ஆத்தூர் பக்கம் சேகோ ஆலை இருக்கிறது. கிழங்கு விலை ஏறும்போதெல்லாம், "மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் மரத்தையே வெட்டி மாவு எடுக்கிறார்கள், நாளைக்கு அது வந்து நம்மை அடித்துவிடும்" என்று பேச்சு வருகிறது. நடக்குமா ஐயா? அந்த மாவுக்கு உணவுச் சந்தையில் எதிர்காலம் உண்டா?
– ஆத்தூர், சேலம் மாவட்டம்

விலையில் அது உங்களை அடிக்காது தம்பி. உங்கள் மரவள்ளி எட்டுப் பத்து மாதத்தில் ஆலைக்கு வந்துவிடுகிறது. சேகோ பனை நல்ல மண்ணிலேயே பத்து வருஷம் போல நிற்க வேண்டும். மட்கிய தழை ஆள் உயரத்துக்கும் மேல் சேர்ந்து கிடக்கும் பீட் நிலம் என்றால் பன்னிரண்டு, பதினைந்து வருஷம்கூட ஆகும். வாழ்நாளில் ஒரே முறைதான் அது பூக்கும். அதுவரை அடிமரத்துச் சோற்றில், அதாவது பட்டைக்கு உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியில், மாவைச் சேர்த்துக்கொண்டே போகும். பூத்துவிட்டால் சேர்த்ததெல்லாம் பூவுக்கும் காய்க்கும் போய், மரமும் பட்டுவிடும். பூக்குருத்து தலைகாட்டும் நேரம் பார்த்து வெட்டத் தெரிந்தவன்தான் சேகோக்காரன்.

வெட்டின மரத்தை மூன்றடி மூன்றடியாகத் துண்டு போட்டு, துண்டுகளைக் கயிற்றில் கோத்து ஆற்றில் மிதக்கவிட்டு, படகில் கட்டி ஆலைக்கு இழுத்து வருவார்கள். பட்டையை உரித்து, சோற்றைத் துருவி, தண்ணீர் விட்டு அலசி, சல்லடையில் வடித்து, மாவைப் படியவைத்து உலர்த்துவது வரை உங்கள் ஆலையில் நடக்கிற அதே வேலைதான். மாவு போன சக்கையாக உங்களிடம் திப்பி மிஞ்சுகிறது; அங்கே மிஞ்சுவதை ஹம்பாஸ் என்பார்கள். ஒரு மரத்துக்கு 150 முதல் 200 கிலோ உலர்ந்த மாவு கிடைத்தால் சரவாக்கில் நல்ல மரம் என்று சொல்வோம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சேலத்துத் தொழிலே இந்த மரத்து மாவு வராமல் போனதால் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர், மலாயா பக்கத்திலிருந்து சரக்கு நின்றது. அந்தச் சமயத்தில்தான், 1943இல், சேலத்து மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. போருக்குப் பிறகும் மரத்து மாவு திரும்பி வந்து உங்கள் இடத்தைப் பிடிக்கவில்லை. இனியும் பிடிக்காது.

சரவாக் ஓர் ஆண்டுக்கு ஏற்றுமதி செய்தது ஏறத்தாழ 40,000 முதல் 50,000 டன் வரை. தீபகற்ப மலேசியா, ஜப்பான், தைவான், சிங்கப்பூர் என்று போகும். தாய்லாந்து அனுப்பும் கிழங்கு மாவோடு வைத்துப் பார்த்தால் இது கையளவு. கிழங்கு மாவு விலை சரிந்தால் வாங்குகிறவர் மறுநாளே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார். வெறும் வெள்ளை மாவாக விற்கிறவரைக்கும் சேகோவுக்கு இந்தக் கதிதான்.

எதிர்காலம் எங்கே இருக்கிறது என்றால், நூடுல்ஸில் இருக்கிறது என்பது என் கருத்து. காரணம் மாவிலேயே இருக்கிறது. மரவள்ளி மாவில் அமிலோஸ் என்ற கூறு 17 முதல் 20 சதவீதம். சேகோவில் அது 27 சதவீதத்தை ஒட்டி வரும். அதனால் கிழங்கு மாவுக் கூழ் இழுத்தால் நூலாக நீளும். சேகோக் கூழ் ஆறினால் கெட்டியாக உறைந்து நிற்கும். கண்ணாடி மாதிரி இருக்கும் சோஹுன் நூடுல்ஸ் கொதிக்கிற சூப்பிலும் கரையாமல் நிற்பது இதனால்தான். இந்தோனேசியாவில் ரியாவ் மாநிலத்து மெராந்தி தீவுகளிலிருந்து மேற்கு ஜாவாவின் சிரபோனுக்கு மாவு போவது இந்த நூடுல்ஸுக்குத்தான். ஜப்பான்காரர்கள் ஈரமான உடோன், ராமென் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மேலே தூவுவதும் இந்த மாவைத்தான்; அதற்கு அவர்கள் கேட்கும் சுத்தத்தைக் கொடுக்கத் தெரிந்த ஆலைக்கு நல்ல விலை கிடைக்கிறது.

அப்புறம், அந்தந்த ஊர்ச் சாப்பாடு. இந்தோனேசியாவின் மலுக்குவிலும் பாப்புவாவிலும் பப்பேடா, புருனேயில் அம்புயாட், சரவாக்கில் மெலனாவ் மக்களின் லினுட் எல்லாம் சேகோ மாவைக் கொதிநீரில் கிண்டிய கூழ், ஒரே குடும்பம். பாப்புவாவில் பல வருஷம் மானிய விலையில் அரிசி கொடுத்து, சேகோ தின்கிறவர்களை அரிசிக்குப் பழக்கிவிட்டார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. தின்னத் தெரிந்த ஜனத்தை இழந்துவிட்டு வெளியூரில் சந்தை தேடுவது என்ன நியாயம்? அந்தப் பக்கத்துத் தென் சோரோங்கில் காயிஸ் என்ற இடத்தில் ஆண்டுக்கு 30,000 டன் எடுக்கக்கூடிய அரசு ஆலையை 2016இல் அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோக்கோ விடோடோ திறந்துவைத்தார். காட்டில் மரம் ஏராளம். ஆனால் சதுப்புக்குள் சிதறி நிற்கும் மரத்தை நேரம் பார்த்து வெட்டி, படகில் ஏற்றிக் கொண்டுவருவதுதான் பெரிய பாடு. உள்ளூர்க்காரர் தட்டில் சேகோ இருந்தால்தான் அந்த மரத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கும்.

என் மகன் முக்காவில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தபோது ஒரு கிலோ சேகோ மாவு வாங்கி வந்தான். வெள்ளையாக இல்லாமல் கொஞ்சம் செம்பழுப்பாக இருக்கிறது, லேசாகப் புளித்த வாடையும் அடிக்கிறது. கெட்டுப்போனதா? சமைக்கலாமா ஐயா?
– கிள்ளான், சிலாங்கூர்

நிறமும் வாடையும் இரண்டு தனிச் சங்கதி சகோதரி. முதலில் நிறம். மரத்தைப் பிளந்த நொடியில் உள்ளே இருக்கும் சோறு பாலேடு நிறத்தில்தான் இருக்கும். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் சில நிமிஷத்தில் ரோஜா நிறமாகி, பிறகு செம்பழுப்பாகிவிடும். நறுக்கின வாழைக்காய் கறுப்பது போலத்தான்: மரத்தில் உள்ள பீனால் பொருளும் நொதியும் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. அந்த நிறம் தண்ணீரோடு மாவில் இறங்கிவிடும். அதனால் தின்கிறவருக்குக் கெடுதல் இல்லை. வெட்டின துண்டு ஆற்றங்கரையில் நாட்கணக்கில் கிடந்தால் மாவு நிறம் மாறும். துருவின சோறு தண்ணீர் காணாமல் அரைமணி கிடந்தாலும் மாறும். ஆற்றுத் தண்ணீரே தேயிலைச் சாயம் மாதிரி ஓடும் ஊர் அது. அதை வடிகட்டாமல் விட்டாலும் மாறும். ஆலையில் எந்த வேலை சுணங்கியது என்பதை மாவின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். பளிச்சென்று வெளுக்கவேண்டும் என்று சில ஆலைகளில் சல்ஃபைட் உப்பு சேர்ப்பார்கள். அளவோடு இருந்தால் தப்பில்லை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது.

வாடைக்கு வருகிறேன். முக்கா, டாலாட் பக்கத்துச் சந்தையில் ஈர மாவு விற்பார்கள். லெமந்தாக் என்று பெயர். அது லேசாகப் புளித்துத்தான் இருக்கும், அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் புளிப்பு பழக்கம். உங்களிடம் இருப்பது உலர்ந்த மாவாக இருந்தால் சரியாகக் காயாமல் கட்டியிருக்கிறார்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் நல்லது. கட்டியாகவே நின்றால் ஈரம். பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பூஞ்சை இல்லையென்றால், ஒரு கோப்பை மாவைப் பாத்திரத்தில் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் மாவு அடியில் கல் மாதிரி படிந்துவிடும். மேலே உள்ள தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஒருமுறை இப்படிச் செய்தால் பாதி நிறமும் வாடையும் போய்விடும். பிறகு கால் கோப்பைத் தண்ணீரில் பால் மாதிரி கரைத்துக்கொண்டு, நன்றாகத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் விடாமல் கிண்டுங்கள். வெள்ளையாக இருந்தது ஒரு கட்டத்தில் சட்டென்று கண்ணாடியாக மாறிக் கரண்டியை இழுக்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். தண்ணீர் கொதிக்காமல் வெறுமனே சூடாக இருந்தால் எவ்வளவு கிண்டினாலும் மாவு மாவாகவே கிடக்கும். இந்த மாவு வேக 70 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பக்கத்தில் நல்ல புளிப்பும் காரமுமாக ஒரு மீன் குழம்பு அவசியம். மாவுக்கென்று சுவை எதுவும் கிடையாது.

மகன் அடுத்த முறை வரும்போது தெபாலோய் வாங்கி வரச் சொல்லுங்கள். சேகோ மாவு, தேங்காய்த் துருவல், முட்டை, சர்க்கரை சேர்த்து மெல்லிசாகத் தட்டிச் சுட்ட பிஸ்கட். மெலனாவ் வீடுகளில் இதையும், உமாய் என்ற எலுமிச்சை போட்ட பச்சை மீனோடு வறுத்த சேகோ மணியையும் சாப்பிட்டிருக்கிறேன். இவை பொட்டலமாகி விமானம் ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஒரு சேகோ மரம் இருந்தால் ஒரு மனிதன் ஒரு வருஷம் சாப்பிடலாம் என்று எங்கோ படித்தேன். நம்பலாமா?
– நாகர்கோவில்

அது இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் போட்ட கணக்கு. 1859-60 வாக்கில் இந்தோனேசியாவின் சேரம் தீவில் பார்த்ததை வைத்துச் சொன்னார். நல்ல மரத்தில் 1,800 ரொட்டி, மொத்தம் 600 பவுண்டு, அதாவது 270 கிலோ போல. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து ரொட்டி. பத்து நாள் உழைப்பில் ஒரு வருஷச் சாப்பாடு என்று வியந்து எழுதினார்.

கலோரியை மட்டும் பார்த்தால் பெரிய மரத்துக்கு அது பொருந்தும். நான் பார்த்த சரவாக் மரங்களின் 150, 200 கிலோவில் ஆறு முதல் ஒன்பது மாதம் ஓடும். ஆனால் நூறு கிராம் சேகோவில் ஒரு கிராம் புரதம்கூடக் கிடையாது. அந்த ஜனங்கள் திடமாக இருந்தது கூடவே மீனும் கீரையும் தின்றதால். வெட்டிப்போட்ட மரத்தில் வளரும் கூன்வண்டுப் புழுவும் தின்றதால். நம் தென்னையைக் குடைகிற சிவப்புக் கூன்வண்டின் இனம்தான் அது, அங்கே விருந்து.

அப்பாவுக்கு நீரிழிவு. கித்துள் மாக் கஞ்சியும் சேகோ மாவும் சீனியைக் குறைக்கும் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– மட்டக்களப்பு

கித்துள் வேறு மரம், தமிழில் கூந்தற்பனை. அதிலும் அடிமரத்துச் சோற்றிலிருந்துதான் மா எடுக்கிறார்கள். இரண்டுமே கிட்டத்தட்ட முழு மாவுச்சத்து. சீனியைக் குறைக்கும் மருந்தாக நினைத்துக் கொடுக்க வேண்டாம். அரிசிச் சோற்றுக்குப் பதிலாக, அளவாக, மீனும் மரக்கறியும் சேர்த்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சீனியைப் பாருங்கள். அந்த அளவை அவருடைய வைத்தியரிடம் காட்டுங்கள். கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சேகோ உண்மையிலேயே நல்லது.

சேகோ பனைத் தோட்டத்தில் பங்கு சேரச் சொல்லி ஒரு விளம்பரத் தாள் வந்தது. ஹெக்டேருக்கு 25 டன் மாவு, ஏழாம் வருஷத்திலிருந்து வருமானம் என்கிறார்கள். ஓய்வூதியப் பணத்தைப் போடலாமா?
– கோயம்புத்தூர்

போடாதீர்கள் சார். 25 டன் என்பது மண்ணும் நீரும் பராமரிப்பும் உச்சத்தில் இருந்தால் என்ன கிடைக்கலாம் என்று ஆய்வாளர்கள் போட்ட மேல் எல்லை. சரவாக்கில் 1980களின் கடைசியில் முக்கா, டாலாட் பக்கம் ஆழமான பீட் நிலத்தில் பெரிய அளவில் நட்டார்கள். பல மரங்கள் வருஷக்கணக்கில் அடிமரமே விடாமல் ஓலையோடு நின்றன. ஓலை நன்றாகத்தான் இருந்தது, கூரை வேயலாம். மாவுக்கு அடிமரம் வேண்டுமே. பக்கக்கன்றுகளை ஒழுங்காகக் கழித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் புதராகிவிடும்.

தோட்டம் எங்கே, எந்த மண், வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்கிறார்களா என்று அவர்களைக் கேளுங்கள். இந்த மரத்தின் பெரிய பெருமையே ஈர நிலத்தை ஈரமாகவே விட்டு விளைவது. வடித்தால் பீட் காய்ந்து எரியும். மெராந்தியில் சுங்கை தோஹோர் கிராமத்துச் சேகோக்காரர்கள் 2014இல் இந்தத் தீயில்தான் அவதிப்பட்டார்கள். அந்த நவம்பரில் ஜோக்கோ விடோடோ நேரில் போய், அவர்களோடு சேர்ந்து வாய்க்காலை அடைத்தார். அந்த மாதிரிச் சிறு விவசாயி வளர்க்கிற மரத்தில்தான் எனக்கு நம்பிக்கை.

தமிழ்நாட்டில் நடலாமா என்று கேட்ட மற்ற இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வருஷம் முழுக்க மழையும் சதுப்பும் கேட்கும் மரம், நமக்கு ஒத்துவராது.

நர்சரியில் "சேகோ பாம்" என்று தொட்டிச் செடி கொடுத்தார்கள். அதிலிருந்து ஜவ்வரிசி எடுக்க முடியுமா? வீட்டில் நாய் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.
– மடிப்பாக்கம், சென்னை

எடுக்கவே கூடாது. அது சைகஸ் என்ற செடி, பனை இனமே கிடையாது. இலை, தண்டு, விதை எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு, விதையில் அதிகம், கல்லீரலைப் பாதிக்கும். தொட்டியை நாய்க்கு எட்டாத மாடிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் யாருக்காவது விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சிவந்த விதை கீழே கிடந்தால் குழந்தைகள் கண்ணில் படுமுன் பொறுக்கிவிடுங்கள். நாய் கடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், கடித்த இலையையோ விதையையோ ஒரு பையில் போட்டுக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.