பழகிய இடத்தை க்வில்ட் கட்டமாக்குவது எப்படி?

தினமும் பார்க்கும் ஓர் இடத்தை, முன்கூட்டியே வரைந்த மாதிரி ஏதுமின்றி, க்வில்ட் எனும் ஒட்டுத்துணிப் போர்வையின் ஒரு சதுரக் கட்டமாகத் தைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். புகைப்படத்தை எதிரே வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். கை அதை நகலெடுக்கவே முயலும். நினைவிலிருந்து இரண்டு மூன்று கோடுகள் வரைந்தாலே, அந்த இடத்தில் உங்கள் மனத்தில் தங்கியது எது என்பது தெரிந்துவிடும்.

மாடிப்படி என்றால், ஒவ்வொரு படிக்கும் வெளிர் துணியில் ஓர் அகலப் பட்டையும், அதன் நிழலுக்கு அடர்நிறத்தில் ஒரு மெல்லிய பட்டையும் அளவுகோலின்றி வெட்டி, மாற்றி மாற்றி இணையுங்கள். மேலே செல்லச் செல்லப் பட்டைகள் குறுகினால், படி ஏறிச் செல்லும் தோற்றம் தானாக வந்துவிடும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் பெண்கள் தைத்த ‘கூரை’ வகைப் போர்வைகளிலும் சதுரத்தைச் சுற்றிச் சதுரமாக வளரும் வெறும் பட்டைகளே வீட்டை நினைவூட்டுகின்றன.

வெட்டு கோணலாக இருக்கலாம். தையல் விளிம்பு (துணியின் ஓரத்துக்கும் தையலுக்கும் இடையே விடும் இடம்) மட்டும் கால் அங்குலமாகச் சீராக இருக்க வேண்டும், இல்லையெனில் துணி உப்பிக்கொள்ளும். 12 அங்குலக் கட்டத்துக்கு, 14 அங்குலம் வரை வளரவிட்டு, இஸ்திரி போட்டபின் 12½ அங்குலச் சதுரமாக நறுக்குங்கள்; கூடுதல் அரை அங்குலம் இருபுறத் தையல் விளிம்புக்குப் போய்விடும். எதை உள்ளே நிறுத்துவது, எதை வெட்டி எறிவது என்று அப்போது எடுக்கும் முடிவுதான், என் பார்வையில், வடிவமைப்பில் பாதி.