எத்தனை மடங்கு? எத்தனை பேர்? நோய் அபாயக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: "நோய் வரும் அபாயம் இரண்டு மடங்கு" என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டுமா?

பதில்: எதற்கு இரண்டு மடங்கு என்று முதலில் கேளுங்கள். பத்தாயிரத்தில் ஒருவர் இருவரானாலும் இரண்டு மடங்குதான். நூறில் பத்துப் பேர் இருபது பேரானாலும் இரண்டு மடங்குதான். அடிப்படை எண்ணைச் சொல்லாத செய்தியை நம்பிப் பதற வேண்டாம்.

கேள்வி: மடங்கா, வித்தியாசமா, எதைப் பார்ப்பது?

பதில்: இரண்டும் வேண்டும், வேலைதான் வேறு. பிரிட்டனில் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1951-ல் தொடங்கிய ஆய்வு, 34,000-க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. 1976-ல் வெளியான கணக்கில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள்: புகைப்பவர்களில் 140, புகைக்காதவர்களில் 10. பதினான்கு மடங்கு. இதய ரத்தக்குழாய் நோயில் 669, 413. மடங்கு வெறும் 1.6. சரி, இப்போது கழித்துப் பாருங்கள். புற்றுநோயில் கூடுதல் சாவு 130, இதய நோயில் 256! இந்தக் கணக்கை எப்போது போட்டாலும் எனக்கு மனம் கனத்துவிடும். புகைதான் காரணமா என்று ஆராய மடங்கு உதவும். புகைப்பதை நிறுத்தினால் எத்தனை உயிர் பிழைக்கும் என்பதை வித்தியாசம்தான் காட்டும்.

கேள்வி: ஆட்ஸ் ரேஷியோவும் ரிலேட்டிவ் ரிஸ்க்கும் ஒன்றா?

பதில்: இல்லை. ரிலேட்டிவ் ரிஸ்க் என்பது மேலே பார்த்த மடங்குதான்: ஒரு குழுவின் நோய் வீதத்தை இன்னொரு குழுவின் வீதத்தால் வகுப்பது. ஆட்ஸ் என்பது நோய் வந்தவர்களை வராதவர்களால் வகுப்பது. ஒரு குழுவின் ஆட்ஸை இன்னொன்றின் ஆட்ஸால் வகுத்தால் ஆட்ஸ் ரேஷியோ. ஒரு குழுவில் 40 சதவீதம், இன்னொன்றில் 20 சதவீதம் பேருக்கு நோய் என்றால் ரிலேட்டிவ் ரிஸ்க் 2. ஆட்ஸ் ரேஷியோ, 40/60-ஐ 20/80-ஆல் வகுத்தால் 2.67. நோய் அரிதாக இருந்தால் மட்டுமே இரண்டும் நெருங்கி வரும்.

கேள்வி: அப்புறம் எதற்கு அந்த ஆட்ஸ் ரேஷியோ?

பதில்: கேஸ் கண்ட்ரோல் ஆய்வில் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் நாமே எண்ணி எடுக்கிறோம். அதனால் அபாய வீதம் கிடைக்காது, ஆட்ஸ் ரேஷியோதான் கிடைக்கும். குறையாக நினைக்காதீர்கள். 1971-ல் பாஸ்டனில் இளம்பெண்களுக்கு வந்த ஓர் அரிய பிறப்புறுப்புப் புற்றுநோயை ஆராய்ந்தார்கள். நோயாளிகள் எட்டே பேர், ஒப்பிட 32 பேர். எட்டுப் பேரில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் மருந்து எடுத்திருந்தார்கள். 32 பேரில் ஒருவரின் தாய்கூட எடுக்கவில்லை. கர்ப்பிணிகளிடமிருந்து தொடங்கியிருந்தால் இருபது வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: மது குடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று வந்தால், மதுதான் காரணமா?

பதில்: குடிப்பவர்களில் புகைப்பவர்கள் அதிகமாக இருக்கலாம். புகைப்பவர்களைத் தனியாக, புகைக்காதவர்களைத் தனியாகப் பிரித்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு பிரிவிலும் மடங்கு 1-ஐ ஒட்டி வந்தால், இந்த நோய்க்கு மட்டும் பழி மதுவின் மேல் இல்லை.