ஸ்ட்ரெச்சரில் போன பையன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

2025 நவம்பரில் நடந்த ஸ்காட்லாந்து – டென்மார்க் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக் கால்பந்து ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றாவது நிமிடத்தில் ஸ்காட்லாந்தின் பென் கேனன்-டோக் தூக்கிப் போட்ட பந்தை மெக்டாமினே தலைகீழாகப் பாய்ந்து அடித்தாரே, நான் சத்தம் போட்டதில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சுமார் இருபதாவது நிமிடத்தில் கேனன்-டோக் பையன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஸ்காட்லாந்து மூன்று கோல் போட்டும் எனக்கு மனசு ஒட்டவில்லை.

ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியிலிருந்து 16 வயதில் இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போனது தவறா? அங்கே உட்கார்ந்து வீணாகி, இப்போது போர்ன்மத் அணி. நண்பர் ஒருவர் ‘கண்ணாடிக் கால், இனி எழாது’ என்கிறார். இன்னொரு பக்கம் ‘அடுத்த ஜிம்மி ஜான்ஸ்டன்’ என்று எழுதுகிறார்கள். இந்தப் பையன் எதுவரை போவான்? 2026 ஜூனில் உலகக் கோப்பையில் அவன் ஆடுவதைப் பார்ப்போமா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

பார்த்தேன். நம் நேரம் இரவு ஒன்றேகாலுக்குத் தொடங்கிய ஆட்டம். மூன்று மணிக்கு மேல் கென்னி மெக்லீன் நடுக்கோட்டருகே இருந்து அடித்த பந்து டென்மார்க் கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தபோது, தூங்கப் போவதில் இனி அர்த்தமில்லை என்று டீ போட்டுக் குடித்தேன். 4-2. 1998க்குப் பிறகு ஸ்காட்லாந்துக்கு முதல் உலகக் கோப்பை. ஆனால் உங்களைப் போலவே எனக்கும் அந்த ஸ்ட்ரெச்சர்தான் கண்ணில் நின்றது. நவம்பர் 11 அன்று அவனுக்கு இருபது வயது முடிந்தது. 15ஆம் தேதி கிரீஸுக்கு எதிராக, மூன்று கோல் பின்தங்கியிருந்தபோது, நாட்டுக்காகத் தன் முதல் கோலை அடித்தான். 18ஆம் தேதி ஸ்ட்ரெச்சர். ஒரு வாரத்துக்குள் இத்தனையும்.

ஜான்ஸ்டன் ஒப்பீட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். அது பாராட்டுப் போலத் தெரிகிற சுமை. ஜிம்மி ஜான்ஸ்டன் செல்டிக் மைதானத்தில் பந்து பொறுக்கிக் கொடுக்கும் பையனாக இருந்து வளர்ந்தவர். 1967இல் லிஸ்பனில் இன்டர் மிலானைத் தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பையை வென்ற செல்டிக் அணியின் வலது விங்கர், அதாவது ஓரத்தில் ஓடித் தாக்குகிற ஆள். அவருடைய காலத்து ஸ்காட்டிஷ் பையன்கள் ஆறு பென்னி ரப்பர் பந்தைத் தெருவில் உருட்டி ஆட்டம் பழகினார்கள். இடம் குறுகல், சுவர் பக்கத்தில், பந்து சின்னது. அதனால் நின்ற இடத்திலேயே இடுப்பை ஒடித்து எதிராளியை ஏமாற்றுவது அவர்கள் ரத்தத்தில் இருந்தது. ஜான்ஸ்டன் ஒருவரைக் கடந்துவிட்டு, போதாதென்று திரும்பி வந்து அதே ஆளை மறுபடி கடப்பார். கேனன்-டோக் அந்த வகையே அல்ல. பந்தை முன்னால் தட்டிவிட்டு, பின்னாலேயே அம்பு மாதிரி போகிற ஆள். கழுத்தும் தோளும் கட்டையாக, முட்டித் தள்ளினாலும் சாயாத உடம்பு. இரண்டு பேரும் வலது ஓரத்தில் ஆடியவர்கள், இரண்டு பேரும் செல்டிக் பையன்கள் என்பதைத் தாண்டி ஒற்றுமை ஒன்றுமில்லை. ஜான்ஸ்டன் 2006 மார்ச்சில் இறந்தபோது இவன் நாலு மாதக் குழந்தை.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இப்படிப் பட்டம் சூட்டுவதில் ஒரு வியாதியே உண்டு. ரயன் கோல்ட் என்ற டண்டீ யுனைடெட் பையனை ‘குட்டி மெஸ்ஸி’ என்றார்கள். 2014இல் பதினெட்டு வயதில் லிஸ்பனுக்கு ஸ்போர்ட்டிங் அணிக்குப் போனார். அங்கே முதல் அணியில் கால் ஊன்ற முடியாமல், வேறு அணிகளுக்கு வாடகைக்கு, அதாவது தற்காலிகமாக, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கனடாவில் வான்கூவரில்தான் நிலைத்தார். ஸ்காட்லாந்துக்காக முதல் ஆட்டம் கிடைத்தது 28 வயதில். நல்ல ஆட்டக்காரர்தான். அந்தப் பட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அவரைத் தோல்வி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, லிவர்பூல். ஸ்காட்லாந்தின் அயர்ஷையரில் டால்ரி என்ற சின்ன ஊரில் பிறந்த பையன். செல்டிக்கில் வளர்ந்து, 2022 ஜனவரி கடைசியில் பதினாறு வயதில் முதல் அணிக்கு ஆடினான். நாலு நாளில் பரம எதிரியான ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டத்திலும் மாற்று ஆளாக இறங்கினான். அந்த இரண்டு ஆட்டத்தோடு சரி. மார்ச்சில் லிவர்பூல், வளர்த்த அணிக்குத் தரும் இழப்பீடாகச் சுமார் 6 லட்சம் பவுண்டுக்கு.

இதில் பையனின் பேராசையை மட்டும் பார்க்கக்கூடாது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்து அணிகள் ஐரோப்பாவிலிருந்து பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஆட்களை வாங்க முடியாது. முன்பு ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் வலை வீசியவர்கள் எல்லோரும் எல்லைக்கு வடக்கே திரும்பினார்கள். ஸ்காட்லாந்துக்குத் தனி கால்பந்துச் சங்கம், ஆனால் நாடு ஒரே நாடு. பதினாறு வயதுப் பையனை எடுத்துக்கொண்டு போகலாம். வளர்த்த அணிக்கு, அவன் பின்னால் பெறப்போகும் விலையோடு ஒப்பிட்டால், சில்லறைதான் கிடைக்கும். லிவர்பூல் அவனை விற்றது 2 கோடி பவுண்டுக்கு, அதற்கு மேலும் ஏறக்கூடிய ஒப்பந்தம். செல்டிக் ரசிகர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது.

ஆனால் செல்டிக்கில் இருந்திருந்தால் வளர்ந்திருப்பானா? அங்கே இளைஞர்களுக்கான ‘பி’ அணி ஆடியது லோலேண்ட் லீக்கில், அதாவது ஐந்தாம் படியில். முதல் அணியோ ஒவ்வொரு வாரமும் ஜெயித்தே ஆகவேண்டிய அணி. ஒரு டிரா வந்தால் தலை உருளும். அங்கே பதினேழு வயதுப் பையனின் தப்புகளைப் பொறுத்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. லிவர்பூல் என்ன கொடுத்தது? பயிற்சியில் தினமும் லிவர்பூலின் இடது ஓரத் தற்காப்பாளர் ஆண்டி ராபர்ட்சனுக்கு எதிராக ஓடும் வாய்ப்பு, 2022 டிசம்பர் 26 அன்று ஆஸ்டன் வில்லாவின் மைதானத்தில் பிரீமியர் லீக் அறிமுகம், பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில ஆட்டங்கள். அவன் ஆடும் இடத்தில் சாலா என்று ஒருவர் இருந்தார், அவருக்கு ஓய்வு என்றால் பிடிக்காது. போனது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் முன்னாலேயே வேறு அணிக்கு வாடகைக்கு அனுப்பியிருக்கலாம் என்பேன். ஆனால் அப்படிச் சொல்வதும் முழு நியாயமில்லை, ஏனென்றால் 2023 டிசம்பரில் முழங்கால் போயிற்று. அந்த சீசன் போயிற்று, அடுத்த கோடையின் யூரோ கோப்பையும் போயிற்று.

அவன் உண்மையில் பள்ளிக்கூடம் போனது மிடில்ஸ்பரோவில். 2024 ஆகஸ்ட் கடைசியில் வாடகைக்குப் போனான். இரண்டாம் டிவிஷன், சனிக்கிழமை ஆடி முடித்தால் செவ்வாய்க்கிழமை மறுபடி ஆட்டம், உதைத்தால் நடுவர் விசில் ஊதுவதற்கு யோசிக்கும் லீக். 24 ஆட்டம், 3 கோல், மற்றவர்கள் கோல் அடிக்க 7 முறை பந்து கொடுத்தான். அந்த நவம்பரில் ஸ்காட்லாந்தின் சொந்த மைதானமான ஹாம்ப்டனில் குரோஷியாவுக்கு எதிராக ஆடினான். எதிரே இருந்தது மான்செஸ்டர் சிட்டியின் குரோஷியத் தற்காப்பாளர் குவார்டியோல். அவரை அன்று முழுக்க நிம்மதியாக நிற்கவிடவில்லை. 86ஆவது நிமிடத்தில் இவன் அடித்த பந்தை கோல்கீப்பர் தட்டிவிட, தெறித்து வந்ததை சக ஆட்டக்காரர் மெக்கின் உள்ளே தள்ளினார். 1-0.

அந்த ஆட்டத்தை முடிந்தால் மறுபடி பாருங்கள். எல்லோரும் கோலைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது வேறு. முதல் பாதியில் பந்து கிடைத்த ஒவ்வொரு முறையும் ஓடினான். ஆட்டம் போகப் போக, சில தடவை பந்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றான். குவார்டியோல் காலை மாற்றி வைக்கும்வரை காத்திருந்தான். ஒரு விங்கர் வளர்கிறான் என்பதற்கு நான் தேடும் அடையாளம் இதுதான். வேகம் பிறவியில் வரும். எப்போது அதைச் செலவழிக்கக்கூடாது என்பதை ஆடி ஆடித்தான் கற்க முடியும். ஆடுவதற்குத்தான் அவனுக்கு நாள் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் தொடைக் காயம், மிடில்ஸ்பரோ சீசன் அத்தோடு சரி. இப்போது நவம்பரில் ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின்பக்கத் தசை. பதினெட்டில் ஒன்று, பத்தொன்பதில் ஒன்று, இருபதில் ஒன்று.

உங்கள் நண்பரின் ‘கண்ணாடிக் கால்’ இங்கேதான் வருகிறது. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசப்படுகிறது. பாதம் தரையில் படுவதற்குச் சற்று முன், அந்த வீச்சுக்கு பிரேக் போடுவது தொடையின் பின்பக்கத் தசை. நீண்டுகொண்டே இழுக்க வேண்டும், அதுதான் அதன் கஷ்டம். பெரும்பாலும் அந்த நொடியில்தான் கிழியும். வண்டி எவ்வளவு வேகமோ, பிரேக்குக்கு அவ்வளவு வேலை. மெதுவாக ஓடுகிறவனுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, என்னைப் பாருங்கள், ஐம்பது வருஷமாக ஹாம்ஸ்ட்ரிங் பத்திரமாக இருக்கிறது.

ஒரு முறை கிழிந்த இடம் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம் என்பது நிஜமான கவலை. அதற்கு வைத்தியமும் இருக்கிறது. மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி மெல்ல முன்னால் சாயும் ஒரு பயிற்சி. நார்டிக் என்பார்கள். பார்க்க ஒன்றுமில்லை, செய்து பார்த்தால் கண்ணீர் வரும். அதை விடாமல் செய்யும் அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அலுப்பான வேலை. இருபது வயதுக்காரனிடம் அலுப்பான வேலையைத் தினமும் செய்யச் சொல்வதுதான் சிரமம்.

லிவர்பூலிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு, மைக்கேல் ஓவன். பதினெட்டு வயதில் அர்ஜென்டினாவை உலகக் கோப்பையில் கிழித்தவர். 1999 ஏப்ரலில், பத்தொன்பது வயதில், லீட்ஸில் ஓடும்போது ஹாம்ஸ்ட்ரிங் போயிற்று. 2001இல் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் தோர் விருது வாங்கினார், ஆகவே எழவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய மாதிரி அரை மைதானம் ஓடும் ஓவன் மெல்ல மெல்ல மறைந்து, கோல் பக்கத்திலேயே காத்திருந்து முடிப்பவராக மாறினார். அவர் ஸ்டிரைக்கர், அப்படி மாற இடம் இருந்தது. ஓரத்தில் ஆடுகிறவன் எங்கே ஒளிந்துகொள்வது?

இதற்கு பதில் சொல்லத்தான் இன்னொரு ஸ்காட்டிஷ் விங்கரை இழுக்கிறேன். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டின் ஜான் ராபர்ட்சன். பிரையன் கிளஃப் 1975இல் அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தபோது இந்த ராபர்ட்சனுக்கு இருபத்தொரு வயது, ஒழுங்காக இடம் கிடைக்காத நடுக்கள ஆள். வேகம் கிடையாது, உடம்பைப் பார்த்தால் ஆட்டக்காரர் என்றே தோன்றாது, கையில் சிகரெட் வேறு. கிளஃப் அவரை இடது ஓரத்தில் நிறுத்தினார். 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் டிரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டிய கோலுக்குப் பந்து போட்டது ராபர்ட்சன். அடுத்த வருஷம் ஹாம்பர்க்குக்கு எதிரான இறுதியில் ஒரே கோலையும் அவரே அடித்தார். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த எண் ஒன்று உண்டு. 1976 டிசம்பரிலிருந்து 1980 டிசம்பர் வரை ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து 243 ஆட்டம் ஆடினார்.

கேனன்-டோக்குக்கு ராபர்ட்சனாக மாறும் வேலையில்லை. அவனிடம் இருக்கும் வேகத்தில் நாலில் ஒரு பங்கு ராபர்ட்சனிடம் இருந்திருக்காது. ஆனால் 243இல் பத்தில் ஒரு பங்கு, ஒரு இருபத்தைந்து ஆட்டம், இடைவிடாமல் இவனுக்குக் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறேன். ஓடிப் போன பிறகு தலையை நிமிர்த்திப் பார்க்க இவனுக்கு இன்னும் ஒரு நொடி தாமதமாகிறது, நல்ல ஓட்டங்கள் பல டிஃபெண்டரின் காலில் பட்டு கார்னராக முடிகின்றன. அந்த ஒரு நொடியைப் பயிற்சி மைதானத்தில் குறைக்க முடியாது. நிஜ ஆட்டத்தில், தப்பு செய்து, திட்டு வாங்கித்தான் குறையும்.

அதற்கு போர்ன்மத் மோசமான இடமில்லை. மைதானத்தில் பதினோராயிரம் சொச்சம் பேர்தான் உட்கார முடியும், கூச்சல் குறைவு. 2025 கோடையில் மட்டும் அங்கிருந்து ஹூய்சன் ரியால் மாட்ரிட்டுக்கும், கெர்கெஸ் லிவர்பூலுக்கும், சபார்னி பாரிஸ் அணிக்கும் போனார்கள். இளைஞர்களை வளர்த்து விற்பது அவர்கள் தொழில், அதை ஒளிப்பதும் இல்லை. சக ஸ்காட்லாந்துக்காரர் ரயன் கிறிஸ்டி அங்கே இருக்கிறார். அவனை வாங்கியபோது பயிற்சியாளராக இருந்த இராயோலா, ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோவில் வருடக்கணக்கில் வலது ஃபுல்பேக்காக, அதாவது ஓரத் தற்காப்பாளராக ஆடியவர். விங்கர்கள் என்ன திருட்டுத்தனம் செய்வார்கள் என்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவர். எனக்கு ஒரே ஒரு பயம். அவருடைய ஆட்டமுறையில் பந்து கையில் இல்லாதபோதும் விங்கர்கள் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். இப்போதுதான் ஒட்டிய தசைக்கு அது கொஞ்சம் அதிகம். மூன்று மாதம் இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று மாற்று ஆளாக இறக்கினால் ரசிகர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

எதுவரை போவான் என்று கேட்டீர்கள். உடம்பு ஒத்துழைத்தால், ஸ்காட்லாந்துக்குப் பத்து வருஷம் ஆடும் முதல் தர விங்கர். உலகத்தின் முதல் பத்து பேரில் ஒருவன் என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன். அந்த அளவுக்கு கோல் அடிப்பவன் இல்லை, இதுவரை. ஆனால் ஸ்காட்லாந்துக்கு அவ்வளவு தேவையும் இல்லை. அவர்களிடம் மெக்டாமினே இருக்கிறார், மெக்கின் இருக்கிறார், உழைக்கிற நடுக்களம் இருக்கிறது. எதிரணியின் தற்காப்பு பத்தடி பின்னால் போய் நிற்கும்படி பயமுறுத்த ஒரு ஆள்தான் இல்லாமல் இருந்தது. ஸ்காட்லாந்துப் பயிற்சியாளர் ஸ்டீவ் கிளார்க் பல வருஷம் மூன்று நடுத் தற்காப்பாளர்களை வைத்து, ஓரத்தில் ஆளே இல்லாமல் ஆடவைத்ததை நினைத்துப் பாருங்கள். இவன் வந்த பிறகுதான் அவர் விங்கர் என்ற சொல்லை மறுபடி உச்சரித்தார்.

உலகக் கோப்பைக்கு முன் குணமாகி, ஆட்டப் பழக்கமும் வந்திருந்தால் நிச்சயம் அணியில் இருப்பான். குலுக்கலில் ஸ்காட்லாந்தின் பிரிவில் பிரேசில், மொராக்கோ, ஹைட்டி வந்திருக்கின்றன. மொராக்கோவின் வலது ஃபுல்பேக் ஹக்கிமி முன்னால் ஏறி வரும்போது அவர் விட்டுவிட்டு வந்த இடத்தில் இவனை ஓடவிடுவது என்பது, கிளார்க் இடத்தில் நான் இருந்தால், எழுதி வைத்துத் தூங்கும் யோசனை. அதற்கு இவனை இடது பக்கம் மாற்ற வேண்டும், அதையும் செய்யலாம்.

மொராக்கோ ஆட்டமும் பிரேசில் ஆட்டமும் நமக்கு விடியற்காலை மூன்றரைக்கு. ஹைட்டியோடு மட்டும் ஜூன் 14 காலை ஆறரை. வீட்டில் எல்லோரும் எழுந்திருக்கும் நேரம், சத்தம் போட்டுப் பார்க்கலாம்.