அமெச்சூர் வானொலி எழுத்தாளர் டக் டிமோ சொன்ன டிரான்ஸ்மிட்டர் வடிகட்டியைக் கொழும்பில் கட்டினால் ஏன் பவர் வெளிவருவதில்லை?

பெரும்பாலும், சுருள் சுற்றும் இரும்புத்தூள் வளையம்தான் காரணம். 1997இல் மறைந்த டக் டிமோ (அழைப்புக்குறி டபிள்யூ1எஃப்பி), வெஸ் ஹேவர்டுடன் சேர்ந்து 1977இல் எழுதிய திண்மநிலை (டிரான்சிஸ்டர்) மின்சுற்று நூலுக்காக இன்றும் மதிக்கப்படுகிறவர். அவருடைய மின்சுற்றுகளைக் கட்டுவதென்றால் வளையத்தின் கலவை எண்ணை (அது எந்தப் பொருளால் ஆனது என்பதைக் காட்டும் எண்) மாற்றவே கூடாது.

7 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டிக்கு 1.1 மைக்ரோஹென்றிச் சுருள் இரண்டு வேண்டும். மின்தேக்கிகள் இரு முனைகளிலும் 470 பிகோஃபரட், நடுவில் 1000. சிவப்பு நிற டி50-2 (2ஆம் கலவை) வளையத்தில் 15 சுற்று போதும். சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தை 4.9ஆல் பெருக்கினால் நானோஹென்றி வரும், 15க்கு 1102.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலோ எளிதாகக் கிடைப்பது ஒருபக்கம் வெள்ளை பூசிய மஞ்சள் வளையம். அது 26ஆம் கலவை. அதே அளவில், அதே 15 சுற்றுக்கு ஏழு மைக்ரோஹென்றியைத் தாண்டும். சுற்றைக் குறைத்தாலும் உதவாது: இந்த அலைவரிசையில் அது சக்தியை விழுங்கிச் சூடாகும்.

கம்பி துளைக்குள் ஒருமுறை போனாலே ஒரு சுற்று. வெளிப்பக்கத்தில் எண்ணுகிறவர்களுக்கு ஒன்று பிசகும். கம்பியின் எனாமலை முனைவரை சுரண்டி ஈயம் பிடிக்கிறதா என்று பாருங்கள். மின்தேக்கி என்பிஓ வகையாக (சூட்டில் மதிப்பு மாறாத வகை) இருக்கட்டும். சாதாரண செராமிக் சூட்டில் மதிப்பு மாறிவிடும்.